டாலஸ் கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி: ஹென்றி வேட் முதல் கிரெய்க் வாட்கின்ஸ் வரை (விவாத இழை)

#1 கீழைக்காற்று

கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ எதிர் வேட் வழக்கைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அந்த "வேட்" யார் என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை. ஹென்றி வேட், டெக்சாஸ் மாநிலம் டாலஸ் கவுண்டியின் (நம்ம மாவட்டம் மாதிரி) டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, சுருக்கமாக டிஏ. ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு வழக்கறிஞர். 1951 தொடங்கி 36 வருஷம் பதவியில் இருந்தவர். அவர் போன 20 வருஷத்துக்குப் பிறகு அதே நாற்காலிக்கு வந்தவர் கிரெய்க் வாட்கின்ஸ். வேட் காலத்தில் தண்டிக்கப்பட்ட பலரை நிரபராதிகள் என்று வெளியே கொண்டுவந்தவர்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். இந்தப் பதவிக்கு உண்மையில் என்ன அதிகாரம்? ஒரே ஆள் 36 வருஷம் ஜெயித்தது எப்படி? டாலஸில் மட்டும் ஏன் இத்தனை பேர் நிரபராதிகள் என்று நிரூபணமானார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 நீதிமணி

பதவியிலிருந்தே தொடங்குகிறேன். நம்ம ஊர் பிபியை (பப்ளிக் பிராசிக்யூட்டர்) மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் புரியாது. பிபியை அரசு நியமிக்கும், அரசே மாற்றும். டிஏ யாருக்கும் கீழே வேலை செய்பவர் அல்ல. ஆளுநர் அவருக்கு உத்தரவு போட முடியாது. மாநில அட்டர்னி ஜெனரலும், டிஏ அழைக்காமல் தானாக ஒரு கிரிமினல் வழக்கை நடத்த முடியாது என்று டெக்சாஸின் உச்ச குற்றவியல் நீதிமன்றம் 2021இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. கவுண்டி கமிஷனர்கள் பட்ஜெட்டை வெட்டலாம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்தப் பதவியைத் தேர்தலுக்குக் கொண்டுவந்த முதல் மாநிலம் மிசிசிப்பி, 1832இல். நியூயார்க் 1846இல் வந்தது. இன்றைக்கு மிகப் பெரும்பாலான மாநிலங்களில் உள்ளூர் பிராசிக்யூட்டர் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்தான். அலாஸ்கா, கனெக்டிகட், நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் மட்டும் நியமனம்.

டெக்சாஸில் பதவிக்காலம் 4 வருஷம். எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். டாலஸில் பதவியின் முழுப்பெயர் கிரிமினல் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. பல கவுண்டிகளில் பெரிய குற்றங்கள் ஒருவரிடமும் சிறு குற்றங்கள் கவுண்டி அட்டர்னி என்ற இன்னொருவரிடமும் இருக்கும். டாலஸில் இரண்டும் ஒரே அலுவலகம். கடையில் சட்டை திருடியதிலிருந்து மரண தண்டனை வழக்கு வரை ஒரே வாசல். இப்போது 200க்கும் மேற்பட்ட உதவி வழக்கறிஞர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அத்தனை பேருடைய வேலையும் டிஏயின் விருப்பத்தைப் பொறுத்தது. புது ஆள் வந்த அன்றே பழைய தலைமை வழக்கறிஞர்களை வீட்டுக்கு அனுப்பலாம்.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்றால், ஒரு வழக்கின் பாதையில் இப்படி வரும்:

போலீஸ் கைது செய்து கேஸ் கட்டை அனுப்பும். எடுப்பதா, திருப்புவதா, எந்தப் பிரிவில் போடுவது என்பது டிஏ அலுவலகத்தின் முடிவு. பெரிய குற்றம் என்றால் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, முன்னால் போகும். 12 பேரில் 9 பேர் சரி என்றால் குற்றப்பத்திரிகை. அந்த அறையில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இடமில்லை, எந்தச் சாட்சியைக் காட்டுவது என்பதும் டிஏ கையில். அடுத்து பேரம்: ஒப்புக்கொண்டால் 8 வருஷம், விசாரணைக்குப் போனால் ஆயுள் கேட்போம் என்பார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட தண்டனைகள் இந்தப் பேரத்தில்தான் முடிகின்றன. மிச்சமிருப்பதுதான் ஜூரி முன்னால் நடக்கும் விசாரணை. அதிலும் மரண தண்டனை கேட்பதா வேண்டாமா என்பது டிஏவின் தனி முடிவு.

இந்த முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. இந்த இழையில் இனிமேல் வரப்போகும் எல்லாத் தப்புக்கும் வேர் அங்கேதான்.

#3 ஆவணக்காரன்

வேட் பற்றி. 1914இல் ராக்வால் கவுண்டியில் பிறந்தார். 11 பிள்ளைகளில் ஒன்பதாவது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து 1939இல் எஃப்பிஐயில் சேர்ந்தார். பிறகு போர்க்காலத்தில் கடற்படை. 1946இல் டாலஸ் டிஏ தேர்தலில் நின்று வில் வில்சனிடம் தோற்றார். 1947இல் அதே அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1950 தேர்தலில் ஜெயித்தார். 1956இல் டெமாக்ரட் வேட்பாளராக அமெரிக்கக் காங்கிரசுக்கு நின்று தோற்றார். அதன் பிறகு டிஏ பதவியைத் தாண்டி எங்கும் போகவில்லை.

36 வருஷத்துக்குக் காரணம் கேட்டீர்கள். இந்தத் தேர்தல்களில் பாதிக்கு மேல் எதிர்ப்பே இருக்காது. டிஏவை எதிர்த்து நிற்கக்கூடியவர்கள் யார்? அதே ஊர் வக்கீல்கள். தோற்றுவிட்டால் மறுநாள் காலை அதே டிஏ அலுவலகத்தோடு தன் கட்சிக்காரருக்காகப் பேரம் பேச வேண்டும். அதனால் யாரும் நிற்கத் துணிவதில்லை. தவிர வேட் தனக்குக் கீழே பயிற்சி பெற்ற ஆட்களை வைத்தே ஊரின் சட்ட உலகத்தைக் கட்டினார். அவரிடமிருந்து போனவர்கள் நீதிபதிகளானார்கள்.

ரோ வழக்கில் அவர் பெயர் வந்தது தற்செயல் அல்ல. கருக்கலைப்பைத் தடைசெய்த டெக்சாஸ் சட்டத்தை டாலஸில் அமல்படுத்தும் அதிகாரி அவர் என்பதால் அவர்மேல் 1970 மார்ச்சில் டாலஸ் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஜூன் 17 அன்று மூன்று நீதிபதிகள் (அவர்களில் ஒருவர், லிண்டன் ஜான்சனுக்கு விமானத்தில் பதவிப்பிரமாணம் செய்துவைத்த சாரா ஹியூஸ்) சட்டம் செல்லாது என்றார்கள். ஆனால் தடை உத்தரவு போடவில்லை. வேட் தொடர்ந்து வழக்குப் போடுவேன் என்று அறிவித்தார். தடை மறுக்கப்பட்டதால் வழக்கு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போக வழி கிடைத்தது. 1973 ஜனவரி 22 அன்று, சட்டம் செல்லாது என்றே 7க்கு 2 என்று தீர்ப்பு.

கென்னடி கொலை நடந்தபோதும் இவர்தான் டிஏ. 1963 நவம்பர் 22 நள்ளிரவு தாண்டி போலீஸ் தலைமையகத்தில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். துப்பாக்கி மாசர் என்று நினைப்பதாகச் சொன்னார், அது தவறு. கொலையாளி என்று கைதான ஆஸ்வால்ட் இருந்த அமைப்பின் பெயரையும் மாற்றிச் சொன்னார். அறையின் பின்பக்கத்திலிருந்து ஒருவர் சரியான பெயரைச் சொல்லித் திருத்தினார். திருத்தியவர் ஜாக் ரூபி. இரண்டு நாளில் ஆஸ்வால்டைச் சுட்டவர். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான விவரங்களை இப்படி ஊடகத்தில் கொட்டியது நியாயமான விசாரணையைக் கெடுக்கும் என்று கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷன் கண்டித்தது. 1964 மார்ச் 14இல் ரூபிக்கு மரண தண்டனை வாங்கினார் வேட். அதுவும் 1966 அக்டோபரில் ரத்தானது. ஏற்கக்கூடாத வாக்குமூலத்தை ஏற்றதும், விசாரணையை வேறு ஊருக்கு மாற்றாததும் காரணம். மறுவிசாரணைக்கு முன்பே, 1967 ஜனவரி 3இல் ரூபி இறந்துவிட்டார்.

#4 தாழம்பூ

டாலஸ் என்றாலே ஜூரி தேர்வைப் பேச வேண்டும். அதை யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன்.

ஜூரிக்கு வரவழைக்கப்பட்டவர்கள் வரிசை எண்ணோடு உட்காருவார்கள். கேள்வி முன்வரிசையிலிருந்து தொடங்கும். பாரபட்சம் தெரிந்தால் நீதிபதி நீக்குவார், அதற்கு வரம்பில்லை. அதன்பிறகு இரு தரப்புக்கும் காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமை உண்டு. டெக்சாஸில் சாதாரணப் பெரும் குற்றத்துக்கு ஆளுக்கு 10, மரண தண்டனை கேட்கும் வழக்கில் 15. இந்தக் "காரணமில்லா நீக்கம்"தான் ஆயுதம்.

இன்னொன்று டெக்சாஸுக்கே உரியது: சீட்டுக் குலுக்கல். பெயர் எழுதிய சீட்டுகளைக் கலைத்து வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். பின்னால் போனவர்களை விசாரிக்க நேரம் வராது, வாரக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முன்வரிசையில் கறுப்பினத்தவர் அதிகம் உட்கார்ந்திருந்தால் குலுக்கல் கேட்பது. ஒரு நீக்கத்தைக்கூடச் செலவழிக்காமல் ஆட்களை அப்புறப்படுத்திவிடலாம்.

வேட் அலுவலகத்தில் இது தனிமனிதப் பழக்கமாக இருக்கவில்லை. எழுதியே வைத்திருந்தார்கள். சிறுபான்மையினரை ஜூரியில் எடுக்காதே என்று 1963லேயே ஒரு சுற்றறிக்கை. 1960களின் கடைசியில் அலுவலக வழக்கறிஞர் ஒருவர் எழுதிய பயிற்சிக் கையேட்டிலும் அதே அறிவுரை. குறைந்தது 1976 வரை அது புழக்கத்தில் இருந்தது.

1986இல் நடந்த தாமஸ் மில்லர்-எல் வழக்கில், தகுதியான 11 கறுப்பின ஜூரிகளில் 10 பேரை அரசுத் தரப்பு நீக்கியது. ஜூரி அட்டைகளில் ஒவ்வொருவரின் இனமும் குறித்து வைக்கப்பட்டிருந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தண்டனையை ரத்து செய்தபோது, அந்தக் கையேட்டையும் அட்டைகளையும் குலுக்கலையும் ஆதாரமாகவே எடுத்துக்கொண்டது.

#5 கீழைக்காற்று

தாழம்பூ அக்கா, 1986லேயே பேட்சன் தீர்ப்பு வந்து இன அடிப்படையில் நீக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதே. அப்புறமும் 19 வருஷம் எதற்கு?

#6 தாழம்பூ

தீர்ப்பு மூன்று படி வைத்தது தம்பி. எதிர்த்தரப்பு, பாரபட்சம் இருப்பதுபோலத் தெரிகிறது என்று காட்ட வேண்டும். அரசுத் தரப்பு இனம் சாராத ஒரு காரணம் சொல்ல வேண்டும். அது உண்மையா பொய்யா என்று நீதிபதி தீர்மானிக்க வேண்டும். கோளாறு இரண்டாவது படியில். எந்தக் காரணமும் போதும். "என் கண்ணைப் பார்க்கவில்லை", "மரண தண்டனை பற்றித் தயங்கினார்", எதையும் சொல்லலாம். மூன்றாவது படியில் நீதிபதி பெரும்பாலும் அதை நம்பிவிடுவார். அவரே அந்த அலுவலகத்தில் வளர்ந்தவராக இருப்பார், ஆவணக்காரன் சொன்னது இங்கே வந்து சேர்கிறது.

பொய்யைப் பிடிக்க ஒரே நல்ல வழி ஒப்பீடு. கறுப்பின ஜூரியை நீக்கச் சொன்ன அதே காரணம் ஒரு வெள்ளையின ஜூரிக்கும் பொருந்தி, அவரை மட்டும் வைத்துக்கொண்டார்களா என்று கேள்வி-பதில் பதிவைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். மில்லர்-எல் வழக்கில் உச்ச நீதிமன்றம் செய்தது அதுதான். அதற்கு முழுப் பதிவும் அட்டைகளும் கையில் வேண்டும். அவை இல்லாத வழக்குகளில் ஒன்றும் நிரூபிக்க முடியாது.

#7 முத்துச்சரம்

ஒரு பக்கமாகவே போகிறது. வேட் காசுக்குப் பதவியை விற்றவர் என்று யாரும் சொன்னதில்லை. அன்றைய டாலஸ் கடுமையான தண்டனையைக் கேட்டது, அவர் கொடுத்தார். 36 வருஷம் ஓட்டுப் போட்டவர்களுக்குப் பொறுப்பு இல்லையா? அடையாளம் காட்டிய சாட்சி கோர்ட்டில் கை நீட்டிச் சொல்லும்போது வழக்கறிஞர் நம்பாமல் என்ன செய்வார்? அன்றைக்கு டிஎன்ஏ கிடையாது.

#8 நீதிமணி

முத்துச்சரம் சார், காசு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஓட்டுப் போட்டவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் "நம்பாமல் என்ன செய்வார்" என்பதை ஏற்கமாட்டேன்.

லெனெல் கீட்டர் வழக்கை எடுங்கள். பொறியாளர். 1982இல் ஒரு துரித உணவுக்கடையில் 615 டாலர் கொள்ளை என்று ஆயுள் தண்டனை. கொள்ளை நடந்த நேரத்தில் அவர் வேலையில் இருந்தார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். பொருள் சாட்சியம் எதுவும் இல்லை, அடையாளம் காட்டியது மட்டும்தான். 1983 டிசம்பரில் தேசியத் தொலைக்காட்சியில் வந்த பிறகு விடுதலை, 1984இல் வழக்கு வாபஸ். டிஎன்ஏ எதற்கும் தேவைப்படவில்லை. உடன் வேலை செய்தவர்கள் சொன்னதை உட்கார்ந்து சரிபார்த்திருந்தால் போதும்.

ராண்டல் டேல் ஆடம்ஸ் அதைவிட மோசம். 1976 நவம்பரில் ஒரு போலீஸ் அதிகாரி கொலை. 1977இல் மரண தண்டனை.  நாள் குறித்து, மூன்று நாளைக்கு முன்னால் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 1980இல் ஜூரி தேர்வில் இருந்த கோளாறுக்காகத் தண்டனையை ரத்து செய்தது. உடனே ஆளுநர் அதை ஆயுளாகக் குறைத்தார். மறுவிசாரணை தேவையில்லாமல் போயிற்று. அதாவது, சாட்சிகளை மறுபடி குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் போயிற்று. 1988இல் ஓர் ஆவணப்படம் சாட்சியங்களைப் பிரித்துக் காட்டியது. 1989இல்தான் வெளியே வந்தார்.

தண்டனை விகிதத்தை வைத்து ஒரு டிஏவை அளப்பதுதான் நோய். உதவி வழக்கறிஞரின் பதவி உயர்வு ஜெயித்த வழக்கின் எண்ணிக்கையில் இருக்கும்போது, கட்டுக்குள் இருக்கும் சங்கடமான தாளை அவர் வெளியே எடுத்துக் காட்டமாட்டார். டெக்சாஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது: பிராசிக்யூட்டரின் முதல் கடமை தண்டனை வாங்குவதல்ல, நீதி நடப்பதைப் பார்ப்பது என்று.

#9 ஆவணக்காரன்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மற்ற ஊர்களில் வேட் மாதிரி ஆட்கள் இல்லாமல் இல்லை. டாலஸில் மட்டும் நிரூபணம் வந்ததற்குக் காரணம் ஒரு குளிர்பெட்டி.

டாலஸ் கவுண்டியின் உயிரியல் மாதிரிகள் சௌத்வெஸ்டர்ன் தடய அறிவியல் நிறுவனத்துக்குப் போகும். 1980களின் தொடக்கத்திலிருந்தே, சோதித்தபின் மிச்சமான துணித் துண்டு, பஞ்சுக்குச்சி, கண்ணாடி ஸ்லைடு ஆகியவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். வேறு ஊர்களில் மேல்முறையீடு முடிந்ததும் இடம் காலி செய்ய எரித்துவிடுவது வழக்கம். அங்கே ஒருவர் நிரபராதியாக இருந்தாலும் நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது.

கைதிகள் டிஎன்ஏ சோதனை கேட்க வழிசெய்யும் சட்டம் டெக்சாஸில் 2001இல் வந்தது. டாலஸ் அலுவலகம் பெரும்பாலான மனுக்களை எதிர்த்தது. 2006 நவம்பரில் கிரெய்க் வாட்கின்ஸ் ஜெயித்தார். ஒரு நாளும் பிராசிக்யூட்டராக இருந்ததில்லை, எதிர்த்தரப்பு வக்கீல். 2002இல் நின்று தோற்றவர். டெக்சாஸ் மாநிலத்தின் முதல் கறுப்பின டிஏ. ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: அந்த வருஷம் டாலஸ் கவுண்டியில் டெமாக்ரட் அலை. நீதிபதி பதவிகளையும் அந்தக் கட்சியே அள்ளியது. அவருடைய கொள்கையைப் படித்துப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது.

2007 ஜனவரியில் பதவியேற்றார். அந்த வருஷமே தண்டனைகளை மறு ஆய்வு செய்ய ஒரு தனிப் பிரிவு. தலைமைக்கு மைக் வேர் என்ற எதிர்த்தரப்பு வக்கீலையே கொண்டுவந்தார். நிராகரிக்கப்பட்ட 400க்கும் மேற்பட்ட டிஎன்ஏ மனுக்களை, தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காகப் போராடும் டெக்சாஸ் இன்னசன்ஸ் புராஜெக்ட் அமைப்பும் சட்ட மாணவர்களும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்கள்.

ஜேம்ஸ் வுட்டார்ட் வழக்கு அதில் ஒன்று. 1981இல் ஆயுள் தண்டனை, 27 வருஷம் உள்ளே. எத்தனையோ மனு போட்டு, மனுவைத் துஷ்பிரயோகம் செய்பவர் என்று முத்திரை குத்தப்பட்டவர். கட்டைத் திறந்தபோது, கொலையான பெண் அன்றிரவு வேறு மூன்று ஆண்களோடு இருந்தார் என்ற தகவல் அரசுத் தரப்புக்குத் தெரிந்திருந்தும் எதிர்த்தரப்புக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. டிஎன்ஏவும் பொருந்தவில்லை. 2008 ஏப்ரலில் விடுதலை. வாட்கின்ஸ் இருந்த எட்டு வருஷத்தில் இப்படி வெளியே வந்தவர்கள் முப்பதுக்கும் மேல்.

#10 கீழைக்காற்று

மனு போட்டால் சோதனை, சோதனை பொருந்தாவிட்டால் விடுதலை, அப்படித்தானே? நடுவில் டிஏவின் சம்மதத்துக்கு என்ன வேலை?

#11 நீதிமணி

அவ்வளவு நேர்க்கோடு இல்லை. டெக்சாஸ் நடைமுறைச் சட்டத்தின் 64ஆம் அத்தியாயப்படி மனு, தண்டித்த அதே நீதிமன்றத்தில் போகும். கூடவே பிரமாணப் பத்திரம். பொருள் இன்னும் இருக்கிறதா, சோதிக்கும் நிலையில் இருக்கிறதா, யார் யார் கைக்கு மாறியது என்ற பதிவு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குற்றவாளி யார் என்பதே வழக்கின் பிரச்சினையாக இருக்க வேண்டும். "நான்தான், ஆனால் தற்காப்புக்காக" என்றவருக்கு இது உதவாது. குற்றத்தை ஒப்புக்கொண்டவரும் கேட்கலாம், அது தடையில்லை. சாதகமான முடிவு அன்றைக்கே தெரிந்திருந்தால் தண்டனை வந்திருக்காது என்பதற்கு ஐம்பது சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருப்பதாகவும் காட்ட வேண்டும்.

சோதனை சாதகமாக வந்தாலும் கதவு தானாகத் திறக்காது. 11.07 பிரிவில் ஆட்கொணர்வு மனு. கீழ் நீதிமன்றம் தன் கண்டுபிடிப்பை எழுதி ஆஸ்டினில் இருக்கும் உச்ச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பும். இறுதி முடிவு அங்கேதான். இதற்கிடையில் சொந்த ஜாமீனில் வெளியே விடலாம்.

டிஏ ஒவ்வொரு படியிலும் எதிர்த்தால் வருஷக் கணக்கு. "இது உண்மையிலேயே ஒற்றைக் குற்றவாளி இல்லை, இன்னொருவனும் இருந்திருப்பான்" என்று புதுக் கதை கட்டுவதும் உண்டு. டிஏ இரண்டு வரியில் சம்மதம் எழுதிக் கொடுத்தால் மாதங்களில் முடியும். வேட் காலத்துக் கட்டுகளும் அதே, சட்டமும் 2001இலிருந்தே இருந்தது. 2007இல் மாறியது அந்த இரண்டு வரி மட்டும்தான்.

வெளியே வந்தவருக்கு 2009இன் டிம் கோல் சட்டப்படி சிறையில் கழிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 80,000 டாலர், கூடவே மாதாந்தரத் தொகை. மூன்று வருஷத்துக்குள் கேட்க வேண்டும். டிம் கோல் லபக் நகரத்தில் தவறாகத் தண்டிக்கப்பட்டு 1999இல் சிறையிலேயே இறந்தவர். 2009இல் நிரபராதி என்று தீர்ப்பானது. தன் பெயரிலான சட்டத்தைப் பார்க்க அவர் இல்லை.

#12 முத்துச்சரம்

வாட்கின்ஸ் செய்ததை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் ஏன் தோற்றார் என்பதையும் எழுதுங்கள். பறிமுதல் நிதி என்று ஒன்று இருக்கிறது. குற்றத்தோடு தொடர்புள்ள பணமும் வண்டியும் பறிமுதலானால் போலீசும் டிஏயும் ஒப்பந்தப்படி பிரித்துக்கொள்வார்கள். டிஏயின் பங்கு அவர் விருப்பத்தில் செலவாகும், வழக்கமான பட்ஜெட் கண்காணிப்பு அதில் தளர்வு. 2013இல் அந்த நிதியில் வாங்கிய வண்டியை அவர் ஓட்டி விபத்தானது. இழப்பீடும் அதே நிதியிலிருந்து போனது. 2014 தேர்தலில் இதுதான் பேச்சு. டெமாக்ரட் பெரும்பான்மைக் கவுண்டியில் ரிபப்ளிகன் சூசன் ஹாக்கிடம் சிறு வித்தியாசத்தில் தோற்றார்.

அதன்பிறகு: ஹாக் மனநல சிகிச்சைக்காக 2016 செப்டம்பரில் ராஜினாமா. ஆளுநர் ஃபெயித் ஜான்சனை நியமித்தார். 2018இல் ஜான் குரூசோ அவரைத் தோற்கடித்தார். வாட்கின்ஸ் 2023 டிசம்பரில், 56 வயதில் காலமானார்.

#13 தாழம்பூ

சரியான குற்றச்சாட்டு. அந்த நிதி யார் பதவியில் இருந்தாலும் கெடுக்கும். தனியாகக் கணக்குத் தணிக்கை வைத்து, செலவை மாதாமாதம் வெளியிடச் சொல்வதுதான் வழி.

வேட்டுக்கும் வாட்கின்ஸுக்கும் நடுவில் ஒன்று விட்டுப்போகிறது. 2001இல் வெளிவந்த போலிப் போதைப்பொருள் வழக்குகள். போலீசுக்குக் காசு வாங்கித் தகவல் சொன்னவர்கள், கிலோக் கணக்கில் "கொக்கெய்ன்" பிடிபட வைத்தார்கள். அது அரைத்த பில்லியர்ட்ஸ் சாக்பீஸும் சுவர்ப் பலகையின் ஜிப்சமும். சிக்கியவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளிகள். 80க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாகின.

எப்படி நடந்தது? பிடித்த இடத்தில் போலீஸ் செய்யும் வண்ணச் சோதனையை வைத்தே வழக்குப் போட்டார்கள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது வழக்கு விசாரணைக்கு வரும்போது மட்டும். பெரும்பாலான வழக்குகள் பேரத்தில் முடிவதால் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் நாளே வராது. ஆங்கிலம் தெரியாத ஒரு கூலியாளிடம், ஒப்புக்கொள், இல்லாவிட்டால் பல வருஷம் என்றால் அவர் என்ன செய்வார்? ஆய்வறிக்கை வரும்வரை பேரம் பேசமாட்டோம் என்று ஒரு விதி இருந்திருந்தால் முதல் வழக்கிலேயே பிடிபட்டிருக்கும். சுவர்ப் பலகைத் தூளைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடத்துக்கு அதிக நேரம் ஆகாது.

#14 கீழைக்காற்று

ஆதாரத்தை மறைத்த டிஏ மேல் வழக்குப் போட முடியாதா? கமலா ஹாரிஸ் இருந்ததும் இதே பதவிதானே?

#15 நீதிமணி

அதே பதவிதான். சான் ஃபிரான்சிஸ்கோ டிஏ, 2004 முதல் 2011 தொடக்கம் வரை. தாய்வழிப் பாட்டனார் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தைச் சேர்ந்தவர் என்பதால் நம்மவர்களுக்கு அவர் பெயர் பழக்கம். அவருடைய அலுவலகமும் இதே இடத்தில்தான் சறுக்கியது. போலீஸ் ஆய்வுக்கூட ஊழியர் ஒருவர் போதைப்பொருள் மாதிரியைத் தானே எடுத்துக்கொண்ட விவகாரத்தில், தெரிந்த தகவலை எதிர்த்தரப்புக்குச் சொல்லவில்லை என்று 2010இல் நீதிபதி கண்டித்தார். நூற்றுக்கணக்கான வழக்குகள் தள்ளுபடி.

பொறுப்பு பற்றி: குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பது 1963இன் பிராடி தீர்ப்பு. மீறினால்? வழக்கை நடத்திய விதத்துக்காக ஒரு பிராசிக்யூட்டர்மேல் நஷ்டஈடு கேட்கவே முடியாது என்றது 1976இன் இம்ப்ளர் தீர்ப்பு. அலுவலகத்தின்மேல் கேட்டால்? நியூ ஆர்லியன்ஸில் ரத்தப் பரிசோதனை அறிக்கையை மறைத்து 18 வருஷம் உள்ளே வைக்கப்பட்ட ஜான் தாம்சனுக்கு ஜூரி 14 மில்லியன் டாலர் கொடுத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அதையும் பறித்தது.

டெக்சாஸில் ஒரு கதவு திறந்தது. வில்லியம்சன் கவுண்டியில் மைக்கேல் மார்ட்டன், மனைவியைக் கொன்றதாக 1987இல் தண்டனை, ஏறக்குறைய 25 வருஷம் கழித்து 2011இல் விடுதலை. ஆதாரத்தை மறைத்த டிஏ கென் ஆண்டர்சன் அதற்குள் நீதிபதி ஆகியிருந்தார். 2013இல் பதவி விலகினார், வக்கீல் உரிமத்தை இழந்தார், 10 நாள் சிறைத் தண்டனையில் 5 நாள் இருந்தார். 25 வருஷத்துக்கு 5 நாள். எழுதும்போது கை நடுங்குகிறது.

அந்த வழக்கால் வந்த சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதற்கு முன் போலீஸ் அறிக்கையின் நகல்கூட எதிர்த்தரப்புக்கு உரிமையாகக் கிடைக்காது. இப்போது கேட்டவுடன் அறிக்கை, சாட்சி வாக்குமூலம், எல்லாவற்றுக்கும் நகல் தர வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்போ விசாரணைக்கு முன்போ, என்னென்ன கொடுக்கப்பட்டது என்ற பட்டியலில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பதிவு செய்ய வேண்டும். பயன் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து ஒரு தாள் வெளியே வந்தால், அது கொடுக்கப்பட்டதா மறைக்கப்பட்டதா என்று வாய்ச்சண்டை போட வேண்டியதில்லை.

இன்னும் ஓட்டை உண்டு. போலீஸ்காரர் கையெழுத்துக் குறிப்பை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டால் டிஏயின் கட்டில் அது வராது. அதனால்தான் வழக்கை அனுப்பும் போலீஸ் "எல்லாம் ஒப்படைத்தாயிற்று" என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டமே வந்தது.

#16 முத்துச்சரம்

எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். குரூசோ 2019இல், லாபத்துக்காக இல்லாமல் அத்தியாவசியப் பொருள் 750 டாலருக்குள் திருடினால் வழக்கில்லை என்று அறிவித்தார். கடைக்காரர்கள் கொதித்தார்கள், பிற்பாடு அதை அவரே திரும்பப் பெற்றார். இப்படிப்பட்ட பொது அறிவிப்புகளைத் தடுக்கத்தான் 2023இல் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டது. ஒரு வகைக் குற்றத்தையே எடுக்கமாட்டேன் என்று கொள்கையாகச் சொல்லும் டிஏவைப் பதவி நீக்கம் கோரலாம்.

#17 தாழம்பூ

அந்தச் சட்டத்தின்படி "எடுக்கமாட்டேன்" என்று வெளிப்படையாக எழுதி வைப்பவர் பதவி இழக்கலாம். எழுதாமல் ஒவ்வொரு கட்டாகத் திருப்பி அனுப்புகிறவருக்கு ஒன்றும் ஆகாது. நீதிமணி முதல் பதிவில் சொன்ன வேர் அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்டால், எதை எடுத்தோம், எதைத் திருப்பினோம், ஏன் என்று ஒரு வரியாவது எழுதச் சொல்லும் சட்டம்தான் வேண்டும்.

#18 கீழைக்காற்று

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அந்தக் குளிர்பெட்டி வழக்கம் இப்போது சட்டமாகிவிட்டதா, இல்லை இன்னும் ஆய்வுக்கூடத்தின் நல்லெண்ணம்தானா?

#19 ஆவணக்காரன்

சட்டமாகிவிட்டது. 38.43 பிரிவு. பெருங்குற்றத்தில் உயிரியல் மாதிரியை, தண்டிக்கப்பட்டவர் இறக்கும்வரையோ தண்டனைக் காலம் முடியும்வரையோ பரோலில் வரும்வரையோ வைத்திருக்க வேண்டும். குற்றவாளி பிடிபடாத வழக்கில் 40 வருஷம் அல்லது வழக்குத் தொடரும் காலக்கெடு முடியும்வரை.

கவனிக்க வேண்டியது "பரோல்" என்ற சொல். 20 வருஷம் கழித்து பரோலில் வந்தவர் வெளியிலிருந்து தன் பெயரை மீட்கப் போராடுகிறார் என்றால், அந்த நாளிலிருந்து மாதிரியை வைத்திருக்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் வெளியே வரும் முன்பே 64ஆம் அத்தியாய மனுவைப் போட்டு, பொருள் எங்கே எந்த எண்ணில் இருக்கிறது என்று டிஏ அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மனு போனால் 60 நாளுக்குள் பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைக்கவோ, ஏன் முடியவில்லை என்று எழுதிச் சொல்லவோ அரசுத் தரப்பு கடமைப்பட்டது.